பாயின்ட்டுக்கு ஆசைப்பட்டேன் பாஸ்!

பாண்டி பீச் ரோடு. காந்தி சிலைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த மாதிரி நம்ம வழக்கமான இடம். கையில் சுண்டல் பொட்டலம். காலேஜ் முடித்து ஒரு வருஷம் கழித்து மறுபடி கூடிய எங்கள் எட்டுப் பேர் கேங், அன்றைக்குத்தான் அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவை எடுத்தது... 'கோவா போறோம். அதுவும் ஃப்ளைட்டுல போறோம்!'

சென்னையிலிருந்து போக, வர தலைக்கு 6,000 ரூபாய். எட்டுப் பேருக்கு 48,000. யார் புக் பண்றது என்று ஆளாளுக்கு வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்த நேரத்தில், "என் கார்டுல போட்டுடறேன் மச்சி. அப்புறமா எனக்கு அனுப்பிடுங்க" என்று சொன்னது சாட்சாத் அடியேன்தான். தியாகம் என்று நினைத்து விடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த கையோடு வாங்கிய டிராவல் கிரெடிட் கார்டு ஒன்று பர்சில் புத்தம்புதுசாக இருந்தது. செலவு செய்யும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 2 ரூபாய் மதிப்புள்ள பாயின்ட். 48,000-க்கு 960 ரூபாய். அடுத்த ஃப்ளைட் டிக்கெட்டில் கழித்துக் கொள்ளலாம். ஊர்க்காசில் உறியடி... எப்படி நம்ம மூளை!

கோவா சூப்பர். திரும்பி வந்தோம். நாலு பேர் மறுநாளே பணம் அனுப்பி விட்டார்கள். மூணு பேர் மட்டும், "சம்பளம் வரட்டும் மாமே." கார்டு பில்லுக்குக் கடைசி தேதி வந்தது. என் பங்கையும் சேர்த்து கையில் இருந்த 30,000-ஐக் கட்டினேன். பாக்கி 18,000. அதற்கு மட்டும் ஒரு மாசத்துக்கு என்ன பெரிய வட்டி வந்துவிடப் போகிறது என்று தெனாவட்டாக இருந்து விட்டேன்.

வந்தது. 3,038 ரூபாய்!

ஏதோ தப்பாகப் பில் போட்டிருக்கிறார்கள் என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு எகிறினேன். மறுமுனையில் இருந்த பெண் கோபமே படாமல் கணக்குச் சொன்னார். டிக்கெட் எடுத்தது ஜூன் 5. பில் தயாரானது ஜூன் 20. கட்டக் கடைசி தேதி ஜூலை 10. மொத்தப் பில்லையும் அன்றைக்குள் கட்டியிருந்தால் அந்த 35 நாளுக்கும் வட்டியே கிடையாது. முழுசாகக் கட்டாவிட்டால் அந்தச் சலுகை மொத்தமாகப் போய்விடும். பாக்கி வைத்த 18,000-க்கு மட்டுமல்ல, முழு 48,000-க்கும் டிக்கெட் எடுத்த தேதியிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

மாசம் 3.5 சதவிகிதம். கேட்கச் சின்னதாக இருக்கிறதா? வருஷத்துக்கு 42! 48,000-க்கு 35 நாள் வட்டி 1,933 ரூபாய். நண்பர்கள் கொடுத்து நான் அடைத்தது ஆகஸ்ட் 10. அதுவரை 18,000-க்கு 31 நாள் வட்டி 642. ஆக 2,575. அந்த வட்டிக்கு மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 463. கூட்டிப் பாருங்கள். பாயின்ட்டில் கிடைத்தது 960, கையை விட்டுப் போனது 3,038. வடை போச்சே!

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பாக்கி இருக்கும் அந்த மாசத்தில் அதே கார்டில் நீங்கள் புதுசாக எது வாங்கினாலும், அதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. நல்ல வேளை, பயந்துபோய் நான் கார்டைத் தொடவில்லை.

சரி, புலம்பல் போதும். இப்போது காலேஜ் வாசலிலும் மொபைலிலும் 'ஃப்ரீ டிக்கெட்', 'ஃப்ரீ லவுஞ்ச்' என்று ஆசை காட்டுகிற கார்டுகள் உங்களையும் தேடி வரும். வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது? அடிபட்டவன் சொல்கிறேன், கேட்டுக்குங்க.

லாஸ்பேட்டை மேலே ஒரு விமானம்

முதல் கேள்வி, நீங்கள் எங்கிருந்து எங்கே பறக்கிறீர்கள்? டெல்லி, மும்பை பசங்களுக்கு இது பிரச்னையே இல்லை. எல்லாக் கம்பெனி விமானமும் அவர்கள் ஊரில் வந்து இறங்கும். நம்ம பாண்டி கதை வேற.

லாஸ்பேட்டையில் நமக்கும் ஒரு ஏர்போர்ட் இருக்கிறது. ரன்வே நீளம் சுமார் 1,500 மீட்டர்தான் என்பதால் பெரிய ஜெட் விமானங்கள் வருவதில்லை. இறக்கையில் காற்றாடி சுற்றும், எண்பது சீட்டுக்குள் இருக்கும் சின்ன விமானங்கள்தான் வந்து போகும். அதுவும் எப்படி வந்து போயின என்று கொஞ்சம் பாருங்கள். 2013-ல் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்கு ஆரம்பித்தது. 2014-ல் நின்றது. 2015-ல் அலையன்ஸ் ஏர் வந்தது. அந்த வருஷமே நின்றது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ஸ்பைஸ்ஜெட் ஹைதராபாத்துக்குப் பறந்தது. அடுத்த வருஷம் பெங்களூரும் சேர்ந்தது. 2020-ல் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2022 மார்ச்சில் மறுபடி ஆரம்பம், 2024-ல் மறுபடி நிறுத்தம். கடைசியாக 2024 டிசம்பர் 20 அன்று இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஏ.டி.ஆர். விமானத்தோடு களத்தில் குதித்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இத்தனை 'டாட்டா', இத்தனை 'ஹாய்'! 2017-ல் 'நம்ம ஊருக்கு ஸ்பைஸ்ஜெட் வந்துடுச்சு' என்று அந்தக் கம்பெனி பெயர் போட்ட கார்டை ஒருவர் வாங்கியிருந்தால், அவர் பாயின்ட்டைத் தூக்கிக்கொண்டு மூணு மணி நேரம் பஸ் ஏறி மீனம்பாக்கம்தான் போயிருக்க வேண்டும்.

பெரும்பாலான பேர் அப்படித்தான் போகிறோம் என்பது வேறு விஷயம். காலாப்பட்டு யுனிவர்சிட்டியிலும் ஜிப்மரிலும் படிக்கிற வெளிமாநில ஃப்ரெண்ட்ஸைக் கேட்டுப் பாருங்கள். குவாஹாட்டி, கொல்கத்தா, டெல்லி என்றால் அவர்களுக்குச் சென்னைதான் வாசல். அந்தமான் பசங்களுக்கு இன்னும் மோசம். ரயில் கிடையாது, பஸ் கிடையாது. கப்பலில் போனால் மூணு நாள் வரை ஆகும், ஃப்ளைட்டில் இரண்டு மணி நேரம் சொச்சம். செமஸ்டர் லீவு மொத்தம் பதினைந்து நாள் என்றால் எதில் போவார்கள்? அவர்களுக்கு விமானம் ஆடம்பரம் இல்லை, பஸ் மாதிரி. (மாஹே, ஏனாம் மக்களும் நம்ம யூனியன் பிரதேசம்தான். ஆனால் அவர்கள் ரயிலில் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேருகிற புண்ணியவான்கள்.)

ஆக, கார்டு விளம்பரத்தைத் திறப்பதற்கு முன்னால் போன ஒரு வருஷத்தில் எத்தனை தடவை பறந்தீர்கள், எந்த ரூட்டில், எந்தக் கம்பெனியில் என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். 'ரெண்டு தடவை, எது சீப்போ அது' என்று வந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்து விடும்.

மைல் இருக்கு... விமானம் எங்கே?

டிராவல் கார்டுகளில் இரண்டு ஜாதி. ஒன்று, விமானக் கம்பெனியும் பேங்கும் ஜோடி சேர்ந்து போடுவது. 'கோ-பிராண்டட்' என்பார்கள். செலவுக்கான பரிசு நேராக அந்த விமானக் கம்பெனிக் கணக்கில் போய் விழும். வேறு கம்பெனியில் டிக்கெட் எடுக்க உதவாது. இரண்டாவது, பேங்கே தனியாகத் தருவது. பாயின்ட் பேங்க் கணக்கில் இருக்கும். வேண்டும்போது பேங்கின் டிராவல் சைட்டில் எந்தக் கம்பெனி டிக்கெட்டாவது எடுக்கலாம், அல்லது சில விமானக் கம்பெனிகளின் மைலாக மாற்றிக் கொள்ளலாம்.

அதிகம் பறக்கிறவர்களை இப்படிப் பாயின்ட் கொடுத்துக் கட்டிப்போடும் வித்தையை உலக அளவில் பெரிசாக்கியது அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 1981-ல். அங்கே பல கம்பெனிகள் திவாலாகி எழுந்து வந்த பிறகும் மைல் கணக்கைக் காப்பாற்றின. நம் நாட்டில் விமானக் கம்பெனிகளின் ஜாதகம் கொஞ்சம் வேறு.

கிங்ஃபிஷர் ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு யூனிஃபார்ம், சீட்டுக்குச் சீட்டு டி.வி.! 'கிங் கிளப்' என்று பாயின்ட் திட்டம் வைத்திருந்தார்கள். 2012 அக்டோபரில் விமானங்கள் தரையில் நின்றன. சேர்த்த மைல்கள் காகிதப் பூ. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. அதன் பாயின்ட் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் தப்பித்து, 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாற்றிக் கொண்டது. மைல் இருந்தது, ஜெட் விமானம்தான் இல்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது.

விஸ்தாரா கதை இன்னும் சுவாரஸ்யம். நொடித்துப் போகவில்லை. நன்றாக ஓடிக் கொண்டிருக்கும்போதே 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தது. பாயின்ட்டுகளும் ஒன்றுக்கு ஒன்று என்று ஏர் இந்தியா கணக்குக்கு மாறின. நியாயம்தான். ஆனால், இத்தனை லட்சம் செலவு செய்தால் ஒரு டிக்கெட் ஃப்ரீ என்ற கணக்கில் விஸ்தாரா கார்டு வாங்கியிருந்தார்களே, அவர்கள் எந்தக் கார்டை நம்பி வாங்கினார்களோ அந்தக் கார்டுகளே முடிவுக்கு வந்தன.

இண்டிகோ இதில் தனி ரகம். 2006-ல் பறக்க ஆரம்பித்த கம்பெனி, பல வருஷம் 'பாயின்ட்டா... அதெல்லாம் எதுக்கு? டிக்கெட் சீப்பா இருக்கா, டயத்துக்குப் போகுதா, அவ்வளவுதான்' என்று இருந்தது. 2024-ல்தான் 'புளூசிப்' என்று சொந்தத் திட்டம் கொண்டு வந்தது. இன்றைக்கு உள்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்வது அந்தக் கம்பெனிதான்.

இதையெல்லாம் வைத்து நான் எடுத்த முடிவு இது. வருஷத்துக்கு ஐந்தாறு தடவை, அதுவும் ஒரே கம்பெனியில் பறக்கிற ஆள் என்றால் கோ-பிராண்டட் கார்டைப் பற்றி யோசிக்கலாம். செமஸ்டர் லீவுக்கு மட்டும் ஊருக்குப் போகிறவர் தன் பாயின்ட்டை ஒரே கம்பெனியின் வாலில் கட்டிவிடக் கூடாது. பாண்டியிலிருந்து கிளம்புகிறவருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

நூறு ரூபாய்க்கு நாலு பாயின்ட்... அப்படின்னா?

அப்படின்னா ஒன்றுமே இல்லை. ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை காசு என்று தெரியாதவரை அந்த நாலும் ஒன்று, நாற்பதும் ஒன்று. பாயின்ட் 25 காசு என்றால் நாலு பாயின்ட் ஒரு ரூபாய். அதாவது 1 சதவிகிதம். பல கார்டுகளில் அதே பாயின்ட்டை டிக்கெட்டுக்குப் பயன்படுத்தினால் ஒரு விலை, கேட்டலாக்கில் மிக்ஸி வாங்கினால் ஒரு விலை, பில்லில் கழித்தால் அதைவிடக் கம்மி விலை. எனவே எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் மனசுக்குள் சதவிகிதமாக மாற்றிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

ஒரு சாம்பிள் கணக்கு போடுவோம். மெஸ், செல்போன் ரீசார்ஜ், நேரு வீதி பர்ச்சேஸ், பைக் பெட்ரோல், ஃபீஸ் எல்லாம் சேர்த்து மாசம் 8,000 ரூபாய் கார்டில் தேய்க்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஸ்டூடன்ட்டுக்கு இதுவே ஜாஸ்தி. வருஷத்துக்கு 96,000. கார்டின் ஆண்டுக் கட்டணம் 500, ஜி.எஸ்.டி.யோடு 590. பாயின்ட்டை எடுக்கும்போது 99 ரூபாய் 'ரிடெம்ப்ஷன்' கட்டணம், வரியோடு 117. ஆக 707 ரூபாய் செலவு.

2 சதவிகிதம் திரும்பத் தருகிற கார்டு என்றால் 1,920 கிடைக்கும். 707 போக 1,213 லாபம். 1 சதவிகிதக் கார்டு என்றால் 960. லாபம் 253. அரை சதவிகிதம்தான் தருகிறார்கள் என்றால் 480 கிடைக்க 707 செலவு. கைக்காசு 227 நஷ்டம்!

அட, 1,213 வருதே என்று குஷியாக வேண்டாம். பெட்ரோல், வாலட்டில் பணம் போடுவது, வாடகை, அரசுக் கட்டணம், சில கார்டுகளில் கல்விக் கட்டணம்... இதற்கெல்லாம் பாயின்ட் கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கும். ஆப் வழியாகக் காலேஜ் ஃபீஸ் கட்டினால் பாயின்ட் தராதது மட்டுமில்லை, மேலே 1 சதவிகிதம் கட்டணம் போடுகிற பேங்குகளும் உண்டு. உங்கள் 8,000-ல் இப்படி 3,000 கழன்று போனால், மிச்சம் வருஷத்துக்கு 60,000. 1 சதவிகிதக் கார்டில் 600 ரூபாய். செலவு 707. பார்த்தீர்களா, சத்தமில்லாமல் மைனஸுக்குப் போய்விட்டது.

மைல் கொடுத்து 'ஃப்ரீ டிக்கெட்' எடுத்தாலும் பல நேரம் வரியையும் ஏர்போர்ட் கட்டணங்களையும் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். பாயின்ட்டுக்கு ஆயுசும் உண்டு, பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷம். மூணு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து ஃபைனல் இயரில் பறக்கலாம் என்று பார்த்தால், முதல் வருஷப் பாயின்ட் ஏற்கெனவே மண்டையைப் போட்டிருக்கும். இன்னொன்று, பாயின்ட்டின் மதிப்பை பேங்க் எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். ஒரு மெயில் அனுப்பினால் போதும்.

இதில் மாணவர்கள் கோட்டை விடுகிற ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இண்டிகோ, ஏர் இந்தியா போன்ற கம்பெனிகள் ஸ்டூடன்ட் ஃபேர் என்றே தனியாக வைத்திருக்கின்றன. அடிப்படைக் கட்டணத்தில் சின்னத் தள்ளுபடி, அதைவிட முக்கியமாக லக்கேஜ் 10 கிலோ வரை எக்ஸ்ட்ரா. ஹாஸ்டல் காலி பண்ணிக்கொண்டு போகும்போது அந்த 10 கிலோவின் அருமை தெரியும். கூடுதல் கிலோவுக்குக் கவுன்ட்டரில் பணம் கட்டியவர்களைக் கேளுங்கள், கண்ணீரோடு சொல்வார்கள். இதற்குக் கார்டே வேண்டாம். புக் பண்ணும்போது 'ஸ்டூடன்ட்' என்பதை டிக் செய்ய வேண்டும், செக்-இன் கவுன்ட்டரில் ஒரிஜினல் காலேஜ் ஐ.டி. காட்ட வேண்டும். ஐ.டி.யை ரூமில் விட்டுவிட்டுப் போனால் தள்ளுபடி கோவிந்தா.

அப்புறம், டிராவல் சைட்டுகளில் குறிப்பிட்ட கிழமைகளில் 'இந்த பேங்க் கார்டுக்கு இத்தனை சதவிகிதம் தள்ளுபடி' என்று போடுவார்கள். கட்டணமே இல்லாத சாதா கார்டுக்கும் அது கிடைக்கும், சில சமயம் டெபிட் கார்டுக்கும் கூட. ஒரே டிக்கெட்டில் உடனடியாக ஐந்நூறு, ஆயிரம் குறைந்தால் அது வருஷம் முழுக்கச் சேர்த்த பாயின்ட்டுக்குச் சமம். ஆனால் ஸ்டூடன்ட் ஃபேரும் பேங்க் கூப்பனும் பெரும்பாலும் சேர்ந்து வராது. இரண்டு விலையையும் போட்டுப் பார்த்து எது கம்மியோ அதை எடுக்க வேண்டும். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்று தலைக்கு இவ்வளவு என ஏறும், அதையும் சேர்த்துப் பாருங்கள். அது பல நேரம் உங்கள் பாயின்ட்டை அப்படியே சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிடும்.

லவுஞ்ச்? ஆசைதான். ஏர்போர்ட்டில் ஏ.சி. சோபாவில் சாய்ந்து இட்லி வடை சாப்பிட்டு ஸ்டேட்டஸ் போடும் சுகமே தனி. ஆனால் 2023, 2024-க்குப் பிறகு பல பேங்குகள், முந்தின மூணு மாசத்தில் இத்தனை ஆயிரம் செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று கண்டிஷன் போட்டுவிட்டன. அந்த இத்தனை ஆயிரம் என்பது பல கார்டுகளில் 35,000, 50,000 என்ற ரேஞ்ச். ஒரு தட்டு பொங்கலுக்காக 50,000 செலவு செய்கிற மாணவர் யாராவது இருந்தால் என்னோடு தொடர்பு கொள்ளவும், ஆட்டோகிராஃப் வேண்டும்.

நமக்கெல்லாம் கார்டு தருவாங்களா?

சம்பளம் இல்லாதவருக்கு பேங்குகள் சும்மா கார்டு தருவதில்லை. 18 வயது முடிந்திருந்தால் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, அப்பா அல்லது அம்மா கார்டோடு சேர்த்து உங்களுக்கு ஒரு 'ஆட்-ஆன்' கார்டு. பில் மொத்தமும் அவர்கள் பெயரில் போகும். எந்தக் கடையில் எவ்வளவு என்று அப்பா போனுக்கு உடனே மெசேஜ் போய்விடும் என்பது இதன் ஒரே பயங்கரம். உங்கள் பெயரில் தனியாகக் கடன் வரலாறு எதுவும் இதில் உருவாகாது.

இரண்டு, எஃப்.டி. கார்டு. பேங்கில் ஒரு தொகையை ஃபிக்ஸட் டெபாசிட் போட்டால், அதை ஈடாக வைத்துக் கார்டு தருவார்கள். டெபாசிட் தொகையையோ, அதில் முக்கால்வாசியையோ செலவு செய்ய விடுவார்கள். 20,000 போட்டால் 15,000 வரை என்று வைத்துக் கொள்ளுங்கள். போட்ட பணத்துக்கு வட்டியும் வந்து கொண்டிருக்கும். சம்பள சர்டிஃபிகேட் தேவையில்லை. ஆண்டுக் கட்டணமே இல்லாத எஃப்.டி. கார்டுகளும் கிடைக்கின்றன. நீங்கள் கட்டவில்லை என்றால் டெபாசிட்டில் கை வைப்பார்கள், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் ஸ்டூடன்ட்டுக்கு இந்த இரண்டாவதுதான் பெஸ்ட். இதில் பெரிய டிராவல் பாயின்ட் எல்லாம் கிடைக்காது. ஆனால் ஒழுங்காகப் பில் கட்டினால் சிபில் ஸ்கோர் மெதுவாக ஏறும். 300-ல் ஆரம்பித்து 900-ல் முடிகிற அந்த எண்தான், நாளைக்கு நீங்கள் பைக் லோன், ஹோம் லோன் என்று போய் நிற்கும்போது முதலில் பார்க்கப்படுவது. வேலை கிடைத்த பிறகு நல்ல டிராவல் கார்டு கேட்டாலும் அதையேதான் பார்ப்பார்கள். படிக்கும்போது 4,000 ரூபாய்ப் பில்லை இரண்டு மாசம் மறந்து தொலைத்தால், அது வருஷக்கணக்கில் ரிப்போர்ட்டில் உட்கார்ந்து கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

பில்லில் 'மினிமம் டியூ' என்று ஒரு சின்னத் தொகை கண்ணைச் சிமிட்டும். பெரும்பாலும் மொத்தத்தில் 5 சதவிகிதம். அதைக் கட்டினால் லேட் ஃபீ வராது, வட்டி வரும். என் கதையில் பார்த்தீர்களே, நான் மினிமத்தைவிடப் பல மடங்கு கட்டியும் சிக்கினேன். மினிமம் மட்டும் கட்டிக் கொண்டிருந்தால் கடன் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று பில்லிலேயே எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. சிகரெட் பாக்கெட் மாதிரிதான். யாரும் படிப்பதில்லை.

இந்த வட்டிக்கு உச்சவரம்பு ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல், வருஷத்துக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று சொன்னது. பேங்குகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. பதினாறு வருஷம் கழித்து, அந்த உத்தரவைக் கோர்ட் ரத்து செய்தது. எந்த நாளில் தெரியுமா? 2024 டிசம்பர் 20. அதேதான், லாஸ்பேட்டைக்கு இண்டிகோ வந்து இறங்கிய அதே நாள்!

வாங்கிட்டேன், இப்ப வேணாம்னு தோணுதே...

தாராளமாகத் திருப்பிக் கொடுக்கலாம். 2022-ல் ரிசர்வ் வங்கி கார்டுகளுக்கென்று விரிவான விதிகள் கொண்டு வந்தது. நீங்கள் கேட்காமல் பேங்க் கார்டு அனுப்பக் கூடாது. வந்த கார்டை 30 நாளுக்கு மேல் நீங்கள் ஆக்டிவேட் செய்யாமல் வைத்திருந்தால், ஓ.டி.பி. அனுப்பி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் காசு வாங்காமல் கணக்கை மூட வேண்டும். பாக்கி எதுவும் இல்லாமல் நீங்களாக 'மூடு' என்று சொன்னால், 7 வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும். தாமதம் ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் பேங்க் உங்களுக்குத் தர வேண்டும். கடைசி தேதி தாண்டி மூணு நாளுக்கு மேல் ஆனால்தான் லேட் ஃபீ போடவோ, சிபிலுக்கு 'தாமதம்' என்று சொல்லவோ முடியும் என்பதும் இதே விதிகளில் இருக்கிறது. பேங்கில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448-க்குப் போன் பண்ணலாம்.

அந்தக் கார்டை நானும் மூடிவிட்டேன். மூடுவதற்கு முன்னால் மறக்காமல் செய்தது, சேர்ந்திருந்த பாயின்ட்டை எடுத்ததுதான். மூடிய பிறகு கேட்டால் கிடைக்காது. 960 ரூபாயில் 117 கட்டணம் போக 843 கைக்கு வந்தது. பாண்டியிலிருந்து பெங்களூருக்கு ஒரு டிக்கெட் எடுத்து அதில் கழித்துக் கொண்டேன். லாஸ்பேட்டையிலேயே ஏறினேன், வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷம்!

அந்த 3,038 ரூபாய் வட்டியை மூணு பேரும் பங்கு போட்டுத் தருவதாக அதே காந்தி சிலைப் பக்கத்தில் பஞ்சாயத்து முடிந்தது. இரண்டு பேர் கொடுத்து விட்டார்கள். மூணாமவன் போன வாரம் நேரு வீதியில் எதிரே வந்தான். கேட்டேன்.

"சம்பளம் வரட்டும் மாமே."